சூசையின் இரண்டு விரல்களும் சபையின் பெருந்தன்மையும்

மன்னிப்பதில் எங்கள் ஊரை மிஞ்ச அய்யலூர் வட்டாரத்திலேயே வேறு ஊர் கிடையாது. அடுத்தவனுக்கு நடந்த அநியாயம் என்றால் உடனே மன்னித்துவிடுவோம். யார் மண்டை உடைந்தாலும், யார் வேலி பிடுங்கப்பட்டாலும், எங்கள் மனம் இளகத் தயாராகக் காத்திருக்கும். எங்களுக்கே ஏதாவது நடந்தால் மட்டும் கோர்ட்டு, கேசு என்று திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறிவிடுவோம். அது வேறு விஷயம்.

மன்னிப்பதற்கென்று ஒரு முறையும் வைத்திருக்கிறோம். தப்பு செய்தவன் ஊர்க்கூட்டத்துக்கு வருவான். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு சபைக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுவான். சபையில் மூத்தவர் "சரி, எந்திரிப்பா" என்பார். அவன் எழுந்து, நெஞ்சில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, தாம்பாளத்திலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்துக்கொள்வான். அத்தோடு முடிந்தது. அவன் விழுந்தது யார் காலில் என்று பார்த்தால், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஏழெட்டுப் பெரியவர்களின் காலில். அவர்களுக்கு அவன் ஒரு கெடுதலும் செய்திருக்க மாட்டான். ஆகவே அவர்கள் மன்னிப்பதில் சிரமம் இருக்காது. அடி வாங்கியவன் வந்துதான் ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. வராவிட்டால் வேலை இன்னும் சீக்கிரம் முடியும்.

தொண்ணூற்று நான்கில், சிவனம்மாள் என்ற புருஷன் இல்லாத பெண்ணின் பம்புசெட் வயரை ஒருவன் அறுத்துப்போட்டான். முறைப்படி வந்து சபையில் விழுந்தான். சபை குளிர்ந்தது. சிவனம்மாளின் கத்தரித் தோட்டம் காய்ந்தது. வயரைப் பற்றி யாரும் பேசவில்லை. மன்னித்த பிறகு வயரைப் பற்றிப் பேசுவது அநாகரிகம் அல்லவா.

இப்படிப்பட்ட பெருந்தன்மையான ஊரில் பிறந்ததுதான் சூசை செய்த முதல் தவறு.

இரண்டு வயதில் வந்த காய்ச்சலில் அவருக்குக் காது போயிற்று. காது போனதால் பேச்சும் வரவில்லை. ஆறு வயதில் அவருடைய அப்பா பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனபோது, அப்போது இளம் ஆசிரியராக இருந்த ராயப்பராஜ், இவனுக்கு ஒன்றும் ஏறாது, ஆடு மேய்க்க அனுப்புங்கள் என்று நல்ல மனதோடு சொல்லி அனுப்பினார். பிற்காலத்தில் தலைமை ஆசிரியராகி, ஓய்வு பெற்று, எங்கள் ஊர்ச் சபைக்கே மூத்தவராகிவிட்ட அதே ராயப்பராஜ் சார்தான். சூசை ஆடு மேய்க்கப் போனார். ஆட்டின் பல்லைப் பார்த்து வயது சொல்லவும், இடுப்பைப் பிடித்துப் பார்த்து எடை சொல்லவும் கற்றுக்கொண்டார். எடை ஒருபோதும் அரைக் கிலோவுக்கு மேல் தப்பாது. இருபத்திரண்டு வயதில் அய்யலூர் வியாழக்கிழமைச் சந்தையில் தரகர் ஆகிவிட்டார்.

பேச்சு வராதவர் எப்படித் தரகர் ஆனார் என்று சந்தைக்குப் போகாதவர்கள்தான் கேட்பார்கள். ஆட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்லும் வழக்கம் இல்லை. வாங்குகிறவர் கையும் தரகர் கையும் ஒரு துண்டுக்குள் போகும். எந்த விரலைப் பிடிக்கிறார், எத்தனை விரலைப் பிடிக்கிறார் என்பதுதான் விலை. பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தெரியாது. தலையை ஆட்டுவார்கள், கையை உதறுவார்கள், மறுபடி துண்டுக்குள் விடுவார்கள். இந்தத் தாலுகாவிலேயே வாய் உள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் வித்தியாசமில்லாத இடம் அந்த ஒரு துண்டுக்குள்தான் இருந்தது. சூசை அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டார். வாய் உள்ள தரகர்கள் ஆட்டைப் பற்றி ஆயிரம் பொய் சொல்லிக்கொண்டிருக்க, பொய் சொல்ல வசதியில்லாத சூசையிடம் வியாபாரிகள் தேடி வந்தார்கள். நத்தத்திலிருந்து வரும் முகமது பாரூக் என்ற கறிக்கடைக்காரர் சூசை பிடித்துக் கொடுக்காத ஆட்டைத் தொடவே மாட்டார்.

கல்யாணமும் ஆயிற்று. பிரிஸ்கில்லா நிலக்கோட்டைப் பக்கத்துப் பெண். எங்கள் ஊர்ச் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை. ஊமைக்கு வாக்கப்பட்டுவிட்டாளே என்று ஊர் அவளுக்காக இரக்கப்பட்டபோது, எங்க அய்யா நாள் முழுக்கப் பேசிக்கிட்டே இருப்பாரு, எனக்கு இது போதும் என்று சொல்லிவிட்டாள். இருவருக்கும் இடையில் ஒரு கைப்பேச்சு வளர்ந்தது. அதில் ஊரில் உள்ள எல்லாருக்கும் பெயர் உண்டு. ராயப்பராஜ் சாருக்கு என்ன சைகை என்பதை மரியாதை கருதி இங்கே எழுதவில்லை.

தொண்ணூற்றொன்பது தீபாவளிக்கு முந்தின வியாழன். சந்தையில் ஆட்டைவிட மனிதர்கள் அதிகம். எங்கள் ஊர் விவசாயி வேலுசாமி, நல்ல கறுப்புக் கிடா ஒன்றை விற்கக் கொண்டுவந்திருந்தார். மக்காச்சோளம் போடுகிறவர், நாலு பேருக்கு நல்லது கெட்டதில் நிற்கிறவர், சபையில் இரண்டாம் வரிசை. காலை ஏழு மணி வரைக்கும் அவர் நினைத்த விலை வரவில்லை. கிடாவை ஒரு முளையில் கட்டிவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது கிடா இல்லை.

முளைக்குப் பத்தடி தள்ளி சூசையின் கை ஒரு வெளியூர் வியாபாரியின் துண்டுக்குள் இருந்தது. வேறு ஏதோ செம்மறிக்கு விலை நடந்துகொண்டிருந்தது. டீ குடிக்கப் போகும்போதும் அந்தக் கை துண்டுக்குள் இருந்ததை வேலுசாமி பார்த்திருந்தார். உள்ளே நடப்பது வெளியே தெரியாது என்பதுதான் துண்டின் சிறப்பு. அன்றைக்கு அதுவே வினையாயிற்று. தன்னுடைய கிடாவைத்தான் அந்தத் துண்டுக்குள் விற்றுவிட்டான் என்று வேலுசாமி முடிவு செய்தார். பின்னால் நின்று கேட்டார். சூசை திரும்பவில்லை. இன்னொரு தரம் கேட்டார். நாற்பது வருடமாக அவருக்குக் காது கேட்காது என்பதை அறிந்த அதே வேலுசாமிக்கு, அந்த நிமிஷத்தில் அது திமிராகத் தெரிந்தது.

பிறகு நடந்ததை நீட்டி எழுத ஒன்றுமில்லை. சூசையைச் சந்தை வாசல் மின்கம்பத்தில் ஆட்டுக் கயிற்றால் கட்டினார்கள். வேலுசாமி அடித்தார். அவர் அடிப்பதைப் பார்த்து, என்ன ஏதென்று கேட்காமலே ஐந்தாறு பேர் உதவிக்கு வந்தார்கள், ஒற்றுமையான ஊர்க்காரர்கள். சூசை தனக்குத் தெரிந்த ஒரே மொழியில் பதில் சொல்லப் பார்த்தார். கையை விடுவித்து, நான் எடுக்கவில்லை என்று காட்டினார்.

"இந்தக் கைதானடா வித்துச்சு?" என்று வேலுசாமி அந்தக் கையைப் பிடித்து மோதிர விரலையும் சுண்டு விரலையும் பின்பக்கமாக மடக்கினார்.

பதினோரு மணிக்குக் கிடா கிடைத்தது. வேலுசாமியின் சொந்தத் தொழுவத்தில் கிடந்து கத்திக்கொண்டிருந்தது. விலை படியவில்லை என்று அவருடைய மச்சான்தான், விற்காத மற்ற ஆடுகளோடு அதையும் டெம்போவில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பியிருந்தார். எசமானரைவிட ஆடு விவரமாக வீடு போய்ச் சேர்ந்திருந்தது.

பிரிஸ்கில்லா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். ஊருக்குள் பேசி முடித்துக்கொண்டால் நல்லது என்று அங்கே நயமாகச் சொன்னார்கள். ஊரும் பேசி முடிப்பதற்காகத்தானே இருக்கிறது? ஐந்தாம் நாள் கூட்டம் போட்டார்கள். வேலுசாமி வந்தார், துண்டை இடுப்பில் கட்டினார், விழுந்தார். ராயப்பராஜ் சார் "எந்திரிப்பா" என்றார். தவறுவது மனித குணம், மன்னிப்பது தெய்வ குணம் என்று ஐந்து நிமிஷம் பேசினார். சூசை செருப்புகள் கிடக்கும் இடத்தில், கையில் மாவுக்கட்டோடு நின்றிருந்தார்.

பெண்கள் சபையில் பேசும் வழக்கம் இல்லை. பிரிஸ்கில்லா அது தெரியாதவள்போலப் பேசினாள்.

"அவரு இப்ப யாரு கால்ல விழுந்தாரு, சார்?"

"சபை கால்ல, தாயி."

"வெரலு ஒடஞ்சது சபைக்கா?"

சபை கொஞ்ச நேரம் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டது. ராயப்பராஜ் சார் பொறுமையோடு விளக்கினார். சபை என்றால் எல்லாரும்தான், அதில் உன் வீட்டுக்காரரும் அடக்கம் என்றார். அடக்கம் என்றால் அவருக்கு எங்கே பாய் போட்டிருக்கிறீர்கள் என்று அவள் கேட்டாள். அந்தக் கேள்வி கூட்ட நடவடிக்கைக்கு அப்பாற்பட்டது என்று தள்ளப்பட்டது. சுமுகமாக முடிந்ததாக எழுதி, சூசையிடம் ஒப்புதல் வாங்கினார்கள். கட்டு வலது கையில் இருந்தாலும், கைநாட்டுக்கு வேண்டிய இடது கட்டை விரல் நல்லபடியாக இருந்ததால் அதைப் பிடித்து மையில் தோய்த்து வைத்துக்கொண்டார்கள். சட்டச் சிக்கல் எதுவும் வந்துவிடக் கூடாது என்பதில் எங்கள் ஊர் அவ்வளவு கவனம்.

எலும்பு சேர்ந்தது. ஆனால் அந்த இரண்டு விரல்களும் மடங்கவில்லை. குச்சிபோல நீட்டிக்கொண்டே நின்றன. மடங்காத விரல்களோடு துண்டுக்குள் விலை பிடிக்க முடியாது. இடது கையை நீட்டலாம் என்றால், சந்தையில் இடது கை நீட்டுவது அவமரியாதை, நீட்டினால் முறைப்பார்கள். அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. சூசை கட்டப்பட்டதை மூன்று தாலுகா சனம் பார்த்திருந்தது. கிடா தொழுவத்தில் கிடைத்ததை எட்டுப் பேர் பார்த்தார்கள். அவர் எடுக்கவில்லை என்று யாரும் சந்தையில் போய்ச் சொல்லவில்லை. சபையில்தான் முடிந்துவிட்டதே.

சூசை ஒவ்வொரு வியாழனும் போனார். வழக்கமான இடத்தில் நின்றார். யாரும் துண்டை நீட்டவில்லை. வெளியூர்க்காரர்கள் அவரைக் கண்டால் கயிற்றைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். முகமது பாரூக்குக்கு ஆட்கள் வேறு விதமாகச் சொல்லியிருந்தார்கள். அவரும் பார்க்காததுபோலப் போனார். மதியம் வரை நின்றுவிட்டு சூசை வீட்டுக்கு வருவார். ஒன்றும் காட்ட மாட்டார். கைப்பேச்சையே குறைத்துக்கொண்டார். பிரிஸ்கில்லாவுக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை. வீடு அவளுக்கே பயமாக இருக்கிற அளவுக்கு அமைதியாகிவிட்டது.

அவள் கேட்டது ஒன்றுதான். வேலுசாமி யார் காலிலும் விழ வேண்டாம். அடித்த இடத்துக்கு ஒரு வியாழக்கிழமை வந்து, சந்தை கூடியிருக்கும்போது, இவர் எடுக்கவில்லை, நான்தான் பொய்யாகப் பழி போட்டு அடித்தேன் என்று சொல்ல வேண்டும். அதைச் சூசைக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும்.

ஊர் அதிர்ந்துபோனது. கீழே விழச் சொன்னால் எத்தனை முறை வேண்டுமானாலும் விழுவார் மனுஷன்; நிமிர்ந்து நின்று உண்மையைச் சொல்லச் சொல்வது எவ்வளவு கொடுமை! முடிந்துபோன விஷயத்தைக் கிளறுகிறாள் என்றார்கள். ஆங்காரம் பிடித்தவள் என்றார்கள். சூசை பாவம், அவரே பேசாமல் இருக்கிறார், இவள்தான் பேசுகிறாள் என்றும் சிலர் சொன்னார்கள். அதைச் சிரிக்காமல் சொன்னார்கள் என்பதைக் குறிப்பிட வேண்டும்.

இப்படியே ஒன்றரை வருடம் போயிற்று. இரண்டாயிரத்து ஒன்று மே மாதம், திண்டுக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்தில் "காயம் ஆற்றும் கிராமங்கள்" என்று ஒருநாள் கருத்தரங்கு நடந்தது. எளியவர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதியைச் சமூகமே சரிசெய்துகொண்ட ஊர்களைக் கண்டுபிடித்துப் பாராட்டுவது நோக்கம். சட்டையில் குத்திக்கொள்ள ரோஜாப்பூ, கழுத்தில் மாட்ட அட்டை, மதியம் சாப்பாட்டுக்கு மூன்று வகை வெஞ்சனம். முன்மாதிரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊர் எது என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

ராயப்பராஜ் சார் வேன் பிடித்து வேலுசாமியைக் கூட்டிப்போனார். சூசையையும் பிரிஸ்கில்லாவையும் கூட்டிப்போனார். ஊனமுற்றோர் அடையாள அட்டை கொடுக்கிற அதிகாரி வருகிறார் என்று பிரிஸ்கில்லாவிடம் சொல்லியிருந்தார். நல்ல காரியத்துக்காகச் சொல்லும் பொய் எங்கள் ஊரில் பொய்க் கணக்கில் வராது.

மேடையில் சூசைக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். எதற்கென்று அவருக்குத் தெரியாது. அடையாள அட்டை கிடைத்துவிட்டது என்று நினைத்துக் கும்பிட்டார். ராயப்பராஜ் சார் மைக்கைப் பிடித்தார்.

"தன்னை அடித்தவரை இந்த மனிதர் முழு மனதோடு மன்னித்தார். அந்த நாளில் எங்கள் சபையில் கண் கலங்காதவர் கிடையாது."

மண்டபம் கைதட்டியது. கீழே முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த பிரிஸ்கில்லா எழுந்து நின்றாள். எல்லாரும் பார்க்க, அவர் சொன்னதை அப்படியே கையால் சூசைக்குச் சொன்னாள். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

சூசையின் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பொன்னாடையைத் தோளிலிருந்து எடுத்தார். மடித்தார். தன் வலது கையின் மேல் போட்டுக்கொண்டு, மேடையின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த வேலுசாமியிடம் போய் நீட்டினார்.

சந்தைக்குப் போகிற எவனுக்கும் அதன் அர்த்தம் தெரியும். நீட்டிய துண்டுக்குள் கை விடாமல் இருப்பது மரியாதையில்லை. வேலுசாமி கையை உள்ளே விட்டார். சூசை பிடித்தார். மூன்று விரல்கள் பிடித்தன. இரண்டு விரல்கள் பிடிக்கவில்லை, மரக்குச்சிபோல உள்ளங்கையில் குத்திக்கொண்டு நின்றன. சூசை விடவில்லை. புகைப்படக்காரர் ஓடிவந்து இரண்டு படம் எடுத்தார். இதுதான் உண்மையான சமரசம் என்று ராயப்பராஜ் சார் தழுதழுத்தார். வேலுசாமிக்கு வேர்த்துக் கொட்டியது. அந்த விரல்களை அவர் அன்றைக்குப் பிறகு தொட்டதில்லை, பார்க்கக்கூட இல்லை. பார்க்காமல் இருக்க ஏற்பாடு செய்வதற்குத்தானே சபை.

திரும்பும்போது வேன் வடமதுரையைத் தாண்டியது. வேலுசாமி முன் சீட்டிலிருந்து திரும்பி, பிரிஸ்கில்லாவிடம் கேட்டார்.

"அந்த ரெண்டு வெரலும் இனிமே மடங்கவே மடங்காதா, தாயி?"

"ஒண்ணர வருசம் கழிச்சுக் கேக்குறீங்க."

"ஒடிக்கணும்னு ஒடிக்கல. வேகத்துல..."

"ஒடிக்கையில அவரு கத்துனாரா?"

வேலுசாமி முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டார். "கத்துனாரு" என்றார்.

"எனக்குத் தெரியாது, நான் அங்க இல்ல. சந்தையில அம்புட்டுப் பேரும் கேட்டிருப்பீங்க. அவரு கத்துனது அவருக்கு மட்டுந்தான் கேக்கல."

ராயப்பராஜ் சார், போன விஷயத்தைப் பேசி மனதைப் புண்படுத்திக்கொள்ள வேண்டாம் என்றார். வேலுசாமி அவரைப் பார்த்து, "நீங்க சும்மா இருங்க சார்" என்றார். எங்கள் ஊர் வரலாற்றில் சபை மூத்தவரிடம் அப்படிச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

அடுத்த வியாழன் காலை ஏழு மணிக்கு அவர் சந்தைக்கு வந்தார். மின்கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று, சூசை ஆட்டைத் திருடவில்லை, என் கிடா என் வீட்டில்தான் இருந்தது, நான் அநியாயமாக அடித்தேன் என்று உரக்கச் சொன்னார். கூட்டம் கூடியது. அன்றைக்கு உதவிக்கு வந்தவர்களில் இரண்டு பேர் கூட்டத்தின் பின்பக்கமாக நழுவப் பார்த்தார்கள். "ஏலே, நீங்களுந்தான அடிச்சீங்க, நில்லுங்க" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு நிறுத்தினார்.

பேசி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. யாருக்குச் சொல்ல வேண்டுமோ அவருக்கு ஒரு சொல்லும் போய்ச் சேரவில்லை. சூசை எதிரில் நின்று அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரிஸ்கில்லாவும் கூட்டத்தில்தான் இருந்தாள். அவள் கையைத் தூக்கவில்லை. தானாகச் சொல்லட்டும் என்று நின்றாள்.

அதனால் வேலுசாமி நடித்துக் காட்ட வேண்டியதாயிற்று. நெற்றியில் விரலை வைத்துக் கொம்பு காட்டினார். டீ குடித்துக் காட்டினார். அறுபது வயதை நெருங்கும் மனிதர் கிடாபோல நடந்து டெம்போவில் ஏறிக் காட்டியபோது சந்தை சிரித்தது. சூசையைத் தொட்டு, இல்லை என்று கையை விரித்தார். பிறகு ஆட்டுக் கயிறு ஒன்றை எடுத்துத் தன் இடுப்பைச் சுற்றிக் கம்பத்தோடு பிடித்துக்கொண்டு, தன் கன்னத்திலேயே அறைந்துகொண்டார். ஒன்று, இரண்டு, மூன்று. சிரிப்பு நின்றது. அத்தோடு முடிந்தது என்று நினைத்து, கயிற்றை விட்டுவிட்டுக் கும்பிட்டார்.

சூசை தலையை ஆட்டினார். இன்னும் முடியவில்லை என்று காட்டினார். வலது கையை உயர்த்தி, மடங்காத இரண்டு விரல்களை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். ஒன்றை விட்டுவிட்டாய்.

வேலுசாமி தன் மோதிர விரலையும் சுண்டு விரலையும் மற்ற கையால் பிடித்தார். பின்பக்கமாக மடக்கினார். ஒடியவில்லை, ஆனால் வலித்திருக்க வேண்டும். முகம் கோணியது. சத்தம் வராமல் வாயைத் திறந்து காட்டினார். அது சூசையின் கத்தல். சூசை அதைக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்டிப்பிடித்துக்கொள்வார்கள் என்று எங்கள் ஊர்க்காரர்கள் ஆவலாக எதிர்பார்த்தார்கள். சூசை கட்டிப்பிடிக்கவில்லை. கும்பிடவும் இல்லை. சரி, சொல்லிவிட்டாய் என்பதுபோல ஒரு தரம் தலையசைத்துவிட்டு, தன் இடத்துக்குப் போய் நின்றுகொண்டார்.

முகமது பாரூக் அங்கே போனார். சூசையின் கையை ஒருமுறை பார்த்தார். துண்டை வலது தோளிலிருந்து எடுத்து, தன் இடது கையின் மேல் போட்டு நீட்டினார்.

"பாய், எடது கையவா நீட்டுறீங்க?" என்று ஒருவன் கேட்டான்.

"ஒனக்கா நீட்டுனேன்? போப்பா" என்றார் பாரூக்.

சூசையின் இடது கை உள்ளே போனது. அந்தக் கைக்கு இன்னும் பழக்கமில்லை; இரண்டு தரம் தப்பான விரலைப் பிடித்து, பாரூக் சிரித்து, மறுபடி பிடித்து, ஒரு வழியாக ஒரு வெள்ளாடு கைமாறியது. மழைக்காலம் வருவதற்குள் பாதிச் சந்தை அவருக்காக இடது கைக்கு மாறிவிட்டது. வேலுசாமியும் தன் ஆடுகளை அவரிடமே கொண்டுவந்து நிறுத்தினார். சூசை அவற்றுக்கு நல்ல விலை பிடித்துக் கொடுத்தார். வேலுசாமியைப் பார்த்துச் சிரித்ததில்லை.

எங்கள் ஊருக்குத்தான் ஆறவில்லை. ஒரு மனுஷன் அத்தனை பேர் முன்னால் தன்னையே அறைந்துகொண்ட பிறகும் மன்னிக்க மனமில்லாதவன் என்ன மனிதன் என்று கொதித்தார்கள். சூசைக்கு விரல் ஒடிந்தபோது வராத கோபம் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ராயப்பராஜ் சாரே நேரில் வீட்டுக்குப் போனார். திண்டுக்கல் மேடையில் தான் சொன்ன சொல் பொய்யாகி நிற்பதால், இனியாவது முறையாக மன்னித்துவிடும்படி ஊர் சார்பில் கேட்டுக்கொண்டார். பிரிஸ்கில்லா அதைக் கையால் சூசைக்குச் சொன்னாள். சூசை கொஞ்ச நேரம் நிதானமாகக் கையால் பதில் சொன்னார்.

"என்ன சொல்றாரு?"

"யோசிக்கிறாராம், சார். அவசரமா இருந்தா, சபையில செஞ்ச மாதிரி ஒங்களையே மறுபடி ஒரு தடவ மன்னிச்சுக்கிறச் சொல்றாரு."

இது நடந்து ஏழு வருடம் ஆகிறது. அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.